ஆறாம் கட்டிலுக்கு ஒவ்வாத பெயர்ச்சொல்

பறவைகளில் மரங்கொத்தி இருப்பதைப் போல மனிதர்களில் வேர்தோண்டி என்று ஓர் இனம் உண்டு. மரங்கொத்தி மரத்தைக் கொத்துவது புழுவுக்காக. அதற்கு வயிறு இருக்கிறது, நியாயம் இருக்கிறது. வேர்தோண்டி உங்கள் வாயிலிருந்து விழும் சொல்லைக் கொத்துவது எதற்காக என்று இதுவரை யாருக்கும் தெரியவில்லை. அவரையே கேட்டால் சொல்வார். கேட்காதீர்கள்.

அடையாளம் காண்பது எளிது. நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய வலது கை ஆள்காட்டி விரல் மெல்ல எழும்பும், கண்கள் பாதி மூடும், நல்ல இசையைக் கேட்பவர் முகம் போல முகம் கனிந்துவிடும். "இப்ப ஒரு வார்த்தை சொன்னீங்களே" என்பார். நீங்கள் இருபது வார்த்தை சொல்லியிருப்பீர்கள். குழாய் உடைந்து வீடு முழுக்கத் தண்ணீர், கூப்பிட்டால் மேஸ்திரி போனை எடுப்பதில்லை என்று அழாத குறையாக நீங்கள் புலம்பியதில் அவர் காதில் தங்கியது 'மேஸ்திரி' மட்டும்தான். அது போர்ச்சுக்கீசியரோடு கப்பலில் வந்த சொல் என்று அவர் விளக்கி முடிப்பதற்குள் தண்ணீர் கட்டில் உயரத்துக்கு வந்திருக்கும். கட்டிலைப் பற்றியும் அவருக்கு ஒரு கருத்து உண்டு.

சொல்லின் பொருள் அவருக்கு ஒரு பொருட்டே அல்ல. அது எந்த ஊரில் பிறந்தது, யாரோடு கிளம்பி வந்தது, வழியில் எந்த எழுத்தைத் தொலைத்தது, ஆணா பெண்ணா, பன்மையில் எப்படி நடந்துகொள்கிறது, இவை தெரிந்தால் போதும். ஒருவருடைய அப்பா, தாத்தா, தொழில், வயது எல்லாவற்றையும் துருவித் துருவி விசாரித்துவிட்டு, வந்த ஆள் யார் என்று கேட்க மறந்து போகிற காவல்காரரைப் போல.

இந்த இனத்தில் நாம் பார்க்கப் போகிறவர் ஒரு பெரிய மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளர். ஆறு மொழிகள் தெரியும். மாடியில் முதல் அறை அவருடையது. மேஜை முழுக்க அகராதிகள், அவற்றுக்கு நடுவே ஒரு சாப்பாட்டு டப்பா. மருத்துவமனையில் அவருக்கு 'ஆணிவேர்' என்று பெயர். வைத்தது யார் என்று தெரியாது. தெரிந்தால் அவரே ஒரு கட்டுரை எழுதியிருப்பார். வீட்டில் மனைவி ஒரு நாள் காய்கறிப் பையோடு வாசலில் நின்று "சாவி எங்கங்க?" என்று கேட்டிருக்கிறார். கேட்கக் கூடாத கேள்வி; சாவியும் அதே கப்பலில் வந்த சொல். இப்போது அந்த வீட்டுக் கதவுக்கு எண்பூட்டு.

அவரிடம் மாட்டிக்கொள்ளாமல் நான்கு வருடம் வேலை பார்த்தவர் ஆண்கள் பிரிவின் பகல்நேர சிஸ்டர். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. ஆணிவேர் எதிரே வந்தால் கையில் இருக்கும் வெப்பமானியை உதறிக்கொண்டே வேகமாக நடப்பார், எதையோ தலைபோகிற அவசரத்தில் கொண்டு போகிறவர் போல. ஒரு சொல்லும் வாயிலிருந்து விழாமல் பார்த்துக்கொள்வார். அந்த நான்கு வருடமும் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு முடிவுக்கு வந்தது.

ஆறாம் கட்டிலில் ஒரு பெரியவர். ஆயுள் முழுக்கச் சுவர்களுக்கு வண்ணம் அடித்து ஓய்ந்தவர். குடலிறக்கத்துக்கு அறுவை சிகிச்சை. நேரம் பதினொன்றரை. அதைத் தவறவிட்டால் அறுவை சிகிச்சை டாக்டர் வேறு மருத்துவமனைக்குப் போய்விடுவார், பிறகு ஒன்பது நாள் காத்திருக்க வேண்டும். பெரியவர் முந்தைய மாலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவருக்கு உருது மட்டும் தெரியும். சிஸ்டருக்கு உருது மட்டும் தெரியாது. மகன் வேலையில் இருந்தார், அவருடைய போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

படிவத்தில் எல்லாக் கட்டமும் நிரம்பிவிட்டது, ஒன்றைத் தவிர. 'ஒவ்வாதவை' என்று அதற்குப் பெயர். வேறு மொழி பேசும் நோயாளி என்றால் அந்தக் கட்டத்தை மொழிபெயர்ப்பாளர்தான் தன் கையால் நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும், நர்ஸ் தொடக் கூடாது என்பது அந்த மருத்துவமனையின் விதி. முன்னொரு காலத்தில் சைகையை நம்பிய ஒரு நர்ஸ், மீன் ஒத்துக்கொள்ளாதவருக்கு நீச்சல் ஒத்துக்கொள்ளாது என்று எழுதிவிட்டாராம். விதி அன்று பிறந்தது.

சிஸ்டர் மாடிக்குப் போனார். ஆணிவேர் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நறுக்கிய பழத் துண்டுகளைத் தின்றுகொண்டிருந்தார்.

"வாங்க சிஸ்டர். ஒரு துண்டு எடுத்துக்கங்க."

"வேணாம் சார், நேரமில்ல. ஆறாம் கட்டில். அஞ்சே நிமிஷம்."

அவர் டப்பாவை மூடி, கை துடைத்து, சட்டைப் பையில் பேனா இருக்கிறதா என்று பார்த்து, கூடவே வந்தார். ஒன்று சொல்ல வேண்டும், கூப்பிட்டால் உடனே வருகிற மனிதர். வருவதில் அவரிடம் எந்தத் தாமதமும் கிடையாது.

கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, எது சாப்பிட்டால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்று உருதுவில் மரியாதையாகக் கேட்டார். பெரியவர் ஒரே சொல்லில் பதில் சொன்னார்.

"அம்ரூத்."

ஆணிவேரின் ஆள்காட்டி விரல் எழும்பியது.

"அப்படின்னா என்ன சார்?" என்றார் சிஸ்டர். நான்கு வருட விரதம் முடிந்தது.

"நல்ல கேள்வி சிஸ்டர். எல்லாரும் இது உருது வார்த்தைன்னு நெனைப்பாங்க. வந்தது பாரசீகத்துலேருந்து. அங்க இதுக்குப் பேரிக்காய்னு அர்த்தம்."

"அப்ப பேரிக்காயா?" சிஸ்டர் கிட்டத்தட்ட மகிழ்ந்தார்.

"இல்ல இல்ல. அங்கதான் வேடிக்கையே. இந்தப் பழம் கடல் தாண்டி இந்தப் பக்கம் வந்து எறங்கினப்ப, இதக் கூப்பிட ஒரு பேர் வேணும் இல்லையா? பேரிக்காய் பேர எடுத்து இதுக்கு வச்சுட்டாங்க. ஆள் புதுசு, பேர் பழசு."

"எந்தப் பழம் சார்?"

"அதத்தான் சொல்லிட்டு வரேன். மொதல்ல எலக்கணத்தப் பாத்துடுவோம். இது ஆண்பால். உருதுல உயிரில்லாததுக்குக்கூட ஆண் பெண் உண்டு. ஒண்ணு இருந்தாலும் அம்ரூத், நாலு இருந்தாலும் அம்ரூத். ஆனா பின்னாடி ஒரு உருபு வந்து ஒட்டுச்சுன்னா, அப்ப பாக்கணும் சிஸ்டர் அதோட அழக, அம்ரூதோன்னு நீளும்."

மணி பதினொன்று ஐந்து. கட்டிலில் படுத்திருந்த பெரியவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தன் உடம்பைப் பற்றி இவ்வளவு நேரம் பேசுகிறார்களே என்று அவர் முகத்தில் முதலில் நன்றியும், பிறகு கவலையும் தெரிந்தது. கவலை வராதா பின்னே? ஆணிவேர் அவர் பக்கம் திரும்பி, இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தெரியுமா என்று உருதுவில் கேட்டார். பெரியவர் தொண்டையில் கை வைத்து, மெதுவாக, ஒரு முழு வாக்கியம் சொன்னார்.

"என்ன சொல்றாரு?" என்றார் சிஸ்டர்.

"ஒண்ணுமில்ல. வினைச்சொல்ல கொஞ்சம் பேச்சு வழக்கா சொல்றாரு, அவ்வளவுதான்."

பதினொன்றே காலுக்கு அறுவை சிகிச்சைப் பிரிவிலிருந்து தள்ளுகட்டில் வந்துவிட்டது. ஆணிவேர் படிவத்தை வாங்கி, அந்தக் கட்டத்தை அழகான சிறிய எழுத்தில் விளிம்புவரை நிரப்பிக் கையெழுத்துப் போட்டார். சிஸ்டர் வாங்கிப் படித்தார். 'பெயர்ச்சொல். ஆண்பால். பாரசீகத்திலிருந்து உருதுவுக்கு வந்தது. பன்மையில் மாறாது; உருபு ஏற்கும்போது மாறும்.'

"சார், இதுல பழத்தோட பேரே இல்லையே."

"எல்லாம் இருக்கு சிஸ்டர். நிதானமாப் படிங்க."

நிதானத்துக்கு நேரம் எங்கே இருந்தது? சிஸ்டர் படிவத்தோடு தள்ளுகட்டிலின் கூடவே ஓடினார். உள்ளே மயக்க மருந்து டாக்டர் கட்டத்தைப் பார்த்தார், புருவத்தை உயர்த்தினார், மீண்டும் பார்த்தார்.

"மருந்து ஏதாவது ஒத்துக்காதா?"

"இல்ல டாக்டர். ஏதோ ஒரு பழம்."

"பழம் நான் குடுக்கப் போறதில்ல. உள்ள அனுப்புங்க."

அது சரியான பதில்தான். அந்தக் கட்டிடத்தில் எல்லாரும் சரியான பதிலைத்தான் சொன்னார்கள். கட்டம் நிரம்பியிருக்கிறதா என்று பார்க்க ஒருவர் இருந்தார், கையெழுத்து இருக்கிறதா என்று பார்க்க ஒருவர், நகல் எடுத்துக் கட்டிலில் மாட்ட ஒருவர். அதைப் படிக்க வேண்டியது யார் என்று எந்த விதியிலும் இல்லை.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஒரு மணிக்குப் பெரியவர் ஆறாம் கட்டிலுக்குத் திரும்பினார். சிஸ்டருக்கு இடையில் மூச்சுவிட நேரமில்லை. இரண்டாம் கட்டிலுக்கு ஊசி, ஒன்பதாம் கட்டிலுக்குக் கட்டு மாற்ற வேண்டும், பதினொன்றாம் கட்டில்காரர் தன் செருப்பைக் காணோம் என்று ஒரு மணி நேரம். செல்போன் கீழே அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. மதியம் அம்ரூத்தை இரண்டு முறை நினைத்தார், மூன்றாம் முறை நினைப்பதற்குள் மணி நான்கு. அடுத்த சிஸ்டரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு வெளியே வரும்போது, வாசலில் சமையல்கட்டு அக்கா சாயங்காலச் சாறு வண்டியைத் தள்ளிக்கொண்டு எதிரே வந்தார். மூடி போட்ட காகிதக் கோப்பைகள் வரிசையாக நின்றன. வண்டியின் ஒரு சக்கரம் எண்ணெய் கண்டு வெகுகாலம் ஆனதால் கீச்கீச்சென்று அழுதது.

"சிஸ்டரம்மா, ஆறாம் கட்டில்ல ஒரு அட்டை மாட்டியிருக்கே, மத்தியானம் சாப்பாடு குடுக்க வந்தப்ப பாத்தேன். ஆண்பால் ஒத்துக்காதாமே?"

"ஆமாக்கா, அப்படித்தான் எழுதியிருக்கு."

"எனக்கும்தான் முப்பது வருஷமா ஒத்துக்கல. எனக்கு யாரு எழுதி மாட்டினாங்க?"

சிஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே மாடிப்படிவரை நடந்தார். படியருகே சிரிப்பு நின்றது. அட்டையில் பழத்தின் பெயர் இல்லை. அக்காவின் வண்டியில் என்ன சாறு என்று கேட்கவும் இல்லை. கேட்டிருந்தாலும் என்ன பயன்? அம்ரூத் என்றால் என்னவென்று அவருக்கு இன்னமும் தெரியாது.

படிக்குப் பக்கத்து பெஞ்சில் ஆணிவேர் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குப் போகும் முன் டப்பாவில் மிச்சமிருந்த பழத்தை முடித்துக்கொண்டிருந்தார். மடியில் ஒரு அகராதி.

"சார், ஒரே ஒரு வார்த்தை. அம்ரூத்னா என்ன?"

ஆணிவேரின் கண்கள் நிறைந்தன. பணி நேரம் முடிந்த பிறகு, யாரும் சொல்லி அனுப்பாமல், ஒருவர் தானாக வந்து கேட்கிறார். இருபத்தாறு வருட வேலையில் இது முதல் முறை.

"உக்காருங்க சிஸ்டர்."

"நிக்கறேன் சார். சொல்லுங்க."

தூரத்தில் சக்கரம் கீச்சிட்டு நின்றது. முதல் கட்டில்.

"காலையில நான் அவசரத்துல ஒண்ண விட்டுட்டேன். அது மனச அரிச்சிட்டே இருந்துச்சு."

"அதேதான் சார். எனக்கும்."

"பாரசீகத்துல அந்த வார்த்தைக்கு இன்னொரு வடிவம் இருக்கு."

கீச். இரண்டாம் கட்டில்.

"சார், வடிவம் வேணாம். பழத்தோட வடிவம் சொல்லுங்க."

"வார்த்தையோட வடிவம் தெரியாம பழத்தோட வடிவத்துக்கு எப்படிப் போறது? படிப்படியாப் போகணும். இப்ப ஒரு வீட்டுக்குப் போறோம்னு வைங்க..."

கீச். மூன்று. கீச். நான்கு. அக்கா இன்று வேகமாக இருக்கிறார். சிஸ்டர் அவருடைய முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கையைப் பார்த்தார். உயர்ந்த ஆள்காட்டி விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில், வெளியே இளம்பச்சையும் உள்ளே ரோஜா நிறமுமாக, பொடிப் பொடி விதைகளோடு ஒரு துண்டு இருந்தது.

"கையில என்ன சார்?"

"இதுவா? கொய்யா." அவருக்குக் கொஞ்சம் எரிச்சல், பேச்சு திசைமாறுகிறதே என்று.

"அம்ரூத்?"

"அதான் இது."

சிஸ்டர் ஓடினார். மருத்துவமனையில் ஓடக் கூடாது என்று சுவரில் எழுதியிருந்தது, அதன் கீழேயே ஓடினார். ஆணிவேர் அகராதியை பெஞ்சில் போட்டுவிட்டுப் பின்னால் ஓடினார். எதற்கு ஓடுகிறோம் என்பது அவருக்குப் பாதி வழியில்தான் விளங்கியது. அப்போது அவர் முகம் போன போக்கைப் பார்த்தவர்கள் பிறகு அவரைக் கிண்டல் செய்வதை ஒரு மாதம் நிறுத்தி வைத்தார்கள்.

பெரியவர் தலையணையில் சாய்ந்து இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்திருந்தார். ஒரு நாள் தாகம். முதல் வாய் உறிஞ்சிய பிறகுதான் வாசனை மூக்குக்கு ஏறியிருக்கிறது. அப்போதிலிருந்து அவர் "அம்ரூத், அம்ரூத்" என்று சமையல்கட்டு அக்காவிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். அக்காவும் தங்கமான மனசோடு, "ஆமாம்பா, உனக்குத்தான், நிதானமா குடி" என்று பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். சிஸ்டர் கோப்பையைப் பிடுங்கினார். பெரியவரின் கீழுதடு ஒரு பக்கம் தடித்திருந்தது. தொண்டையிலிருந்து மெல்லிய சீழ்க்கை போல ஒரு சத்தம் வந்தது.

டாக்டர் வந்தார். ஊசி போட்டார்கள், ஆக்ஸிஜன் மாட்டினார்கள், கட்டிலைச் சுற்றித் திரை இழுத்தார்கள். திரைக்கு வெளியே அக்கா வண்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி நகராமல் நின்றார். இருபது நிமிடம் கழித்துச் சீழ்க்கை அடங்கியது. உதடு வடிய இன்னும் நேரம் ஆகும், ஆனால் பயமில்லை என்றார் டாக்டர்.

சிஸ்டர் ஆணிவேர் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை.

"காலையில ஒரு முழு வாக்கியம் சொன்னாரே சார். தொண்டையில கைய வச்சுக்கிட்டு. என்ன சொன்னாரு?"

ஆணிவேரின் இரண்டு கைகளும் பக்கவாட்டில் தொங்கின. எந்த விரலும் எழும்பவில்லை. முன்னுரை இல்லாமல், வேர் இல்லாமல், அவர் வாழ்நாளில் முதல் முறையாக ஒரு வாக்கியத்தை அப்படியே மொழிபெயர்த்தார்.

"'அது எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியாதுங்க. அது உள்ள வந்தா நான் போயிடுவேன்'னு சொன்னாரு."

சமையல்கட்டு அக்கா மூக்கைச் சிந்தினார்.

விசாரணை நடந்தது. விதி திருத்தப்பட்டது. இப்போது அந்தக் கட்டத்துக்குக் கீழே, 'பொருளின் பெயரை மட்டும் எழுதவும்' என்று தடித்த எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். ஆணிவேர் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தார். மூன்றே வரி, அடிக்குறிப்பு கிடையாது. சிஸ்டர் அதை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் ஏதாவது இருக்குமோ என்று. இல்லை.

அது மட்டுமா? தினமும் மதியம் ஆறாம் கட்டிலுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "எப்படி இருக்கீங்க?" என்று கேட்பார். பெரியவர் பதில் சொல்வார். இவர் கேட்டுக்கொள்வார். அவ்வளவுதான். ஒரு நாள், இரண்டு நாள். பார்க்கிறவர்களுக்கே ஒரு மாதிரி இருந்தது, ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி நின்றுபோன அறை போல. சிஸ்டர்கூட, கொஞ்சம் அதிகமாகவே தண்டித்துவிட்டோமோ என்று நினைத்தார்.

மூன்றாம் நாள் பெரியவர் வீடு திரும்ப வேண்டும். மகன் வர ஐந்து மணி ஆகும். பொழுது போகவில்லை. பெரியவர் எதிரே தலை குனிந்து உட்கார்ந்திருந்த மனிதரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உருதுவில் ஏதோ கேட்டார்.

ஆணிவேர் திடுக்கிட்டு சிஸ்டரைப் பார்த்தார்.

"என்ன சொல்றாரு?" என்றார் சிஸ்டர்.

"நான் ஒண்ணும் ஆரம்பிக்கல சிஸ்டர். அவராத்தான் கேக்கறாரு."

"என்ன கேக்கறாரு?"

"அந்த வார்த்தை எங்கேருந்துதான் வந்துச்சுன்னு."

சிஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அதில் ஒரு சொல் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். திரையை இழுத்து மூடிவிட்டு ஏழாம் கட்டிலுக்குப் போனார். திரைக்குப் பின்னாலிருந்து ஐந்து மணிவரை ஒரே ஒரு குரல் வந்துகொண்டிருந்தது, நடுநடுவே பெரியவரின் "அச்சா, அச்சா". மகன் வந்து கூப்பிட்டபோது, இன்னும் பன்மை முடியவில்லை என்று பெரியவர்தான் பத்து நிமிடம் கேட்டு வாங்கினாராம். இந்த இனம் அழியாமல் இருப்பதற்கு இப்படிப்பட்ட நல்லவர்கள்தான் காரணம்.

கதை முடிந்தது. பெரியவர் நலம், உதடு பழைய அளவுக்கு வந்துவிட்டது. ஆனாலும் உங்களுக்குள் ஏதோ ஒன்று அரிக்கிறது, இல்லையா? அம்ரூத் பாரசீகத்திலிருந்து வந்தது சரி, நம்முடைய 'கொய்யா' எங்கிருந்து வந்தது, அதைச் சொல்லாமலே முடிக்கிறார்களே என்று. பக்கத்தில் இருப்பவரிடம் "உனக்குத் தெரியுமா?" என்று கேட்கலாம் என்றுகூடத் தோன்றுகிறது. தோன்றட்டும். அதற்கு முன்னால், தயவுசெய்து, உங்கள் வலது கை ஆள்காட்டி விரல் இப்போது எங்கே இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.